நல்லாத்தான் இருக்கு, ஆனா...

கீழ்வீட்டு அக்காவுக்கு யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "இந்த ஊர்ல இருக்கலாமா?" பால்காரர் ஊற்றுகிற பால் பாத்திரத்தில் நிறைவதற்குள் கேட்டுவிடுவார். சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமல் நிற்பவரிடமும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்தபடி பதிலுக்காக நிற்பார். அதுதான் எல்லோருக்கும் சங்கடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. இருக்கிறார்கள், அவ்வளவுதான். "நல்ல ஊர்தாம்மா, இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்ப்பார்கள். அக்கா விடமாட்டார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பிப்பார்.

காற்று நல்லா இருக்கு, ஆனா டாக்டர் இல்லை. டாக்டர் இருக்கார், ஆனா ஸ்கேன் எடுக்க ராஜபாளையம் போகணும். ராஜபாளையம் பக்கம்தான், ஆனா அவசரம்னா பக்கமும் தூரம்தானே? இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். தெருப்பிள்ளைகள் அவருக்கு "ஆனா அக்கா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. "பொருத்தமான பேர்தான், ஆனா..." என்று தொடங்கிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

வீடு பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். நாங்கள் மாடியில் இருக்கிறோம். கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடுவோம். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, உயரமான பெண். நரைத்த முன்முடியை மறைக்காமல் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தார். தோளில் லேப்டாப் பை. அறைகளைப் பார்த்ததைவிட எங்களைக் கேள்வி கேட்டதுதான் அதிகம். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்? கரண்ட் போனால் எவ்வளவு நேரம் ஆகும்? குரங்கு வருமா? நெட் கிடைக்குமா? நடுராத்திரி நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரி? மதுரைக்குக் கடைசி பஸ் எப்போது? பாத்ரூம் வாசலில் இருக்கிற இந்தப் படியை இடித்துத் தர முடியுமா?

என் மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏத்தா, வீடு பார்க்க வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா? இம்புட்டுக் கேள்வி எங்க சம்பந்தகாரவிய கூடக் கேக்கலையே" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கும்மா. வலது பக்கம் சரியா வராது. அதான் கேட்கிறேன்."

மறுநாளே அத்தை கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தப் படியை இடிக்கச் சொன்னார்.

சென்னையில் அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. சார், அக்காவின் கணவரை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம், மெடிக்கல் ரெப்பாக இருந்தவர். பக்கவாதம் வந்த பிறகு அந்த வேலை இல்லை. வலது கை மடங்கியே இருக்கும்; காலை இழுத்துத்தான் நடப்பார். பேச்சு ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு வரும். ஒரே மகன் புனேயில் வேலையில் இருந்தான். அக்கா ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் கணக்கு பார்க்கிறவர். எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம் என்று ஆனதும், படி ஏறாத வீடாக, சின்ன ஊராகப் பார்த்துப் போய்விடலாம் என்று யோசித்திருக்கிறார். இருந்து பார்க்கத்தான் வந்தார். சென்னை வீட்டை விற்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை. பூட்டிப் போட்டிருந்தார்.

"அதுக்கு இந்த ஊரா கிடைச்சது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இவர் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இந்தப் பக்கம்தான் வேலை பார்த்தார், செல்வி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் எல்லாம் இவர் லைன். டாக்டருங்க, மெடிக்கல் ஷாப்காரங்க எல்லாரும் இவருக்குப் பழக்கம். தெரிஞ்ச மனுஷங்க நடுவுல இருந்தா தேறிடுவார்னு தோணுச்சு. ஆனா..." என்று நிறுத்தி, அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பால் பொங்கிக்கொண்டிருந்தது.

நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சாருக்கு பிசியோதெரபியும் அங்கேதான். அதனால் பல நாள் காலையில் மூவரும் ஒரே பஸ்ஸில் போவோம். பஸ்ஸில் ஏறினால் அக்காவுக்கு இன்னொரு கேள்வி வந்துவிடும். இருப்பதென்றால் எந்த ஊரில் இருப்பது? ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகள் அதிகம், கடைகள் அதிகம், ஆனா லாரியும் நெரிசலும் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் அமைதி, ஆனா சாயங்காலம் ஆனால் மருந்துக்குக்கூட ஒரு டாக்டர் கிடைக்க மாட்டார். ஒருநாள் கண்டக்டரையே கேட்டுவிட்டார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. ராஜபாளையமா, ஸ்ரீவில்லிபுத்தூரா? எங்க இருக்கலாம்?"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி சொன்னார். "நாளெல்லாம் ரெண்டு ஊருக்கும் போய்ட்டுப் போய்ட்டு வாரேன்க்கா. நான் இருக்கிறது பஸ்ஸுலதான். செத்த உள்ள தள்ளி நில்லுங்க."

பஸ்ஸே சிரித்தது. சார் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லையா, அல்லது சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணும் என்று அடக்கினாரா, அப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் இந்தக் குணம் ஒரு தடவை தெருவையே கோபப்படுத்தியது. எதிர்வீட்டு மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து, இங்கே ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். கல்லுப்பட்டி தாண்டும்போதே உயிர் போய்விட்டது. துக்கம் கேட்கப் போன அக்கா, மாமாவின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆச்சுப்பா? இங்கேயே வச்சிருந்தா பிழைச்சிருப்பாரா? டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தானாம். பெண்கள் முணுமுணுத்தார்கள். "எழவு வீட்ல வந்து கேக்குற கேள்வியா இது?" என்று அத்தை என்னிடம் பொரிந்து தள்ளினார்.

சாயங்காலம் நான் கீழே போனேன். அக்கா சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "தப்புதான் செல்வி. வாயை மூடிட்டு வந்திருக்கணும். ஆனா நாளைக்கு எனக்கு அப்படி நடந்தா நான் யார்கிட்ட ஓடுறது? அதைத் தெரிஞ்சுக்காம எப்படி ஒரு ஊர்ல தூங்குறது?"

அடுத்த வாரமே, சாரை எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுத் தனியாக மதுரைக்குப் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டு, உள்ளேகூட நுழையாமல் திரும்பி வந்தார். வழி எப்படி என்று பார்க்கத்தான் போனாராம். "ரோடு நல்லாத்தான் இருக்கு, ஆனா திருமங்கலத்துக்குள்ள மாட்டிக்கிட்டா போச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

அவரோடு பழகப் பழக எனக்கும் அந்தத் தவிப்பு ஒட்டிக்கொண்டது. நான் கூமாப்பட்டிக்காரி. கட்டிக்கொடுத்த ஊர் இது. பஸ்ஸில் ஒருநாள் அக்கா என் பக்கம் திரும்பி, "உனக்கு இங்க பிடிச்சிருக்கா?" என்றார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அன்று முழுவதும் ஆபீஸில் தப்புத் தப்பாகவே டைப் செய்தேன். வீட்டில் குழம்புக்கு உப்புப் போடவில்லை. "என்னத்த யோசிக்க?" என்று என் கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மழைக்காலத்தில் சார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு மகன், அந்தத் துக்கவீட்டுப் பையன்தான், முதலில் உள்ளே ஓடினான். நாலு பேராகத் தூக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். ஒருவர் ஆட்டோ கொண்டுவந்தார், ஒருவர் டாக்டரையே அழைத்து வந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனாலும் நெடுநேரம் வாசலில் கூட்டம் கலையவில்லை. "பாவம், எப்படிக் கெடக்காரு பாரு" என்று யாரோ சொன்னார்கள். சார் ஈர லுங்கியோடு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். "பார்த்தியா செல்வி! சென்னையில மூணாவது மாடியில கத்தினா யார் வருவா? கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு மூடிப்பாங்க." அன்று அவர் பேச்சில் "ஆனா" வரவே இல்லை. அறைக்குள் சார் சுவரைப் பார்த்தபடி திரும்பிப் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு ராஜபாளையத்தில் ஒரு நாள். பிசியோதெரபி முடிந்து மருந்து வாங்கப் போனபோது கடைக்காரர் சாரை அடையாளம் கண்டுகொண்டார். அன்று எனக்கு அரைநாள் லீவு. நானும் உடன் இருந்தேன். கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி ஓடி வந்து சாரைக் கட்டிக்கொண்டார். நாற்காலி போட்டார். குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கடையில் நின்றவர்களிடம், "இவிய யாரு தெரியுமா? பைய மாட்டிக்கிட்டு ஒரு நாளைக்கு இந்த பஜாரையே ரெண்டு சுத்து சுத்துவாரு. டாக்டரெல்லாம் இவருக்காகக் காத்துக் கெடப்பாக. என்ன பேச்சு! என்ன நடை! எப்படி இருந்த மனுஷன்!" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் சட்டையை எப்போதும் போல டக்-இன் செய்திருந்தார். மடங்கிய வலது கையை மெல்ல இடது கையால் மூடிக்கொண்டார். கலரைக் குடிக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தார். "எவ்வளவு பாசம் பாரு! இதுக்குத்தான் நான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

மறுவாரம் சார் பிசியோதெரபிக்கு வர மறுத்துவிட்டார். களைப்பு என்றார் அக்கா. பிறகு வாசல் பக்கமும் வருவதில்லை. வெயில் என்றார். அக்காவோ அந்த நாள்களில்தான் மலர்ந்துகொண்டிருந்தார். சாயங்காலம் லேப்டாப்பை மூடியதும் எங்கள் தெருப் பெண்களோடு கண்மாய்க்கரை வரை நடப்பார். அத்தையிடம் மொச்சைக் குழம்பு கற்றுக்கொண்டார். சிலிண்டர்காரர் வந்தால் இப்போது அவர் வீட்டுப் பிள்ளைகளைத்தான் விசாரித்தார்.

ஒருநாள் மாடிக்கு வந்து, "முடிவு பண்ணிட்டேன்" என்றார். ராஜபாளையத்தில், பிசியோதெரபி நடக்கிற தெருவிலேயே ஒரு தனிவீடு. தெலுங்கு பேசுகிற ஓர் அம்மாவின் வீடு. "மஞ்சிதி, மஞ்சிதி", நல்லது நல்லது என்று கன்னத்தைத் தடவிக் கொடுத்தாராம். சென்னை வீட்டை விற்றுவிட்டு அதை வாங்கப் போகிறார். நானும் அத்தையும் அவர் "ஆனா" சொல்வதற்காகக் காத்திருந்தோம். சொல்லவில்லை.

அட்வான்ஸ் கொடுக்கப் போக வேண்டிய அன்று காலை, அக்கா குளித்துவிட்டு வந்து பார்த்தால் சாரைக் காணோம்.

அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தெருவில் பார்த்தோம். கோயில் வாசலில், பஸ் ஸ்டாண்டில், ஜி.எச்.சில் பார்த்தோம். பார்த்தவரையெல்லாம் கேட்டோம். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர், "அந்தக் கால் இழுக்குற சாரா? ஸ்டேஷன்ல எறக்கிவிட்டேனே" என்றார்.

அந்த நேரத்தில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயில் கிடையாது. நடைமேடை முழுக்கக் காலி. கடைசி பெஞ்சில் சார் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, டக்-இன், ஷூ. பை எதுவும் இல்லை. அக்கா ஓடிப்போய், பக்கத்தில் போனதும் நின்றுவிட்டார்.

"என்னங்க இது? இங்க என்ன பண்றீங்க?"

சார் வாயைத் திறந்து, சொல்லைத் தேடி, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். "இங்க... யாரும் இல்ல."

"யாரும் இல்லாத இடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"என்னை யாரும்... பார்க்காத இடம். இந்த ஊர்ல... இது ஒண்ணுதான்."

"பார்த்தா என்ன? எல்லாரும் உங்க மேல பிரியமாத்தானே இருக்காங்க?"

"பிரியந்தான். அதான்... கஷ்டம்." மூச்சு வாங்கியது அவருக்கு. "எப்படி இருந்த மனுஷன்னு... ஒவ்வொருத்தனும் சொல்றான். மெட்ராஸ்ல... எவனுக்கும் தெரியாது. இடிச்சுட்டுப் போவான். யோவ்... ஓரமாப் போன்னு... திட்டுவான். எனக்கு அது... போதும்."

அக்கா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். இருந்தும் அந்தக் காலி நடைமேடையில் எல்லாம் கேட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"கேட்டியா?"

அக்கா அவர் பக்கமாகத் திரும்பினார்.

"சிலிண்டர்காரனை... கேட்ட. கண்டக்டரை... கேட்ட." கோபமாகச் சொல்லவில்லை அவர். சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்தார்.

அந்தத் தெலுங்கு அம்மாவுக்கு அக்கா போன் செய்தார். "இன்னைக்கு வரலைங்க. மன்னிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறமும் உடனே கிளம்பிவிடவில்லை. கீழே இரண்டு பேரும் பேசுகிற சத்தம் பல நாள் கேட்டது. சில நாள் சத்தமே கேட்காது. அது இன்னும் மோசம். ஒருநாள் துணி காயப்போட மாடிக்கு வந்த அக்கா, கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது.

"எனக்கு இந்த ஊர் பிடிச்சுப் போச்சு செல்வி. வாசல்ல வந்து நின்னா பேசுறதுக்கு நாலு பேர் இருக்காங்க. அங்க கதவைச் சாத்தினா நானும் அவரும்தான். இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு ஊர் பிடிச்சது இப்பதான்."

"அத சார்ட்ட சொல்லுங்கக்கா."

"சொன்னேன். 'சரி, உனக்காக இருக்கேன்'னுட்டார்." ஈரத் துணியை உதறாமலே கொடியில் போட்டார். "அவர் அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் எப்படி இருக்கிறது?"

போவதென்று முடிவான பிறகு அக்கா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் கேட்டார்கள். "ஏன் போறிய? என்ன குறை வச்சோம்?" ஒரு குறையும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வந்தார். எதிர்வீட்டுப் பையன்தான் சாமான்களை வண்டியில் ஏற்றினான். அத்தை வழியனுப்ப வெளியே வரவில்லை. உள்ளே நின்றபடி, "இவளுக்காகப் படிய இடிச்சதுதான் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

ஒரு வருஷம் கழித்து அவர்களைச் சென்னையில் பார்த்தேன். என் கணவர் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தின் முதலாளி அங்கே ஒரு கிளை தொடங்கி இவரைக் கூப்பிட்டிருந்தார். இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாங்கள் போயிருந்தோம். இவர் அச்சகத்துக்குப் போன நேரத்தில் நான் அக்காவைத் தேடிப் போனேன். பழைய வீட்டை விற்றுவிட்டு, பல்லாவரத்தில் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு சந்தில் தரைத்தளத்தில் வீடு வாங்கியிருந்தார்கள். பகலிலேயே விளக்குப் போட வேண்டிய வீடு. அக்கா இன்னும் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அத்தையை விசாரித்தார், எதிர்வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் ஆனதா என்று விசாரித்தார், கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டார். கீழ்வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

"சார் எங்க?"

"நடக்கப் போயிருக்கார். தினமும் இந்நேரம் தனியாத்தான் போவார். நான் கூடப் போறதில்ல." பேசும்போதே அவர் கண் வாசல் கேட்டுக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். வாடகை, எங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம், அத்தையை எங்கே விடுவது, என் வேலை என்று அவர் பேசுகிற மாதிரியே இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே போனேன். "நீங்க சொல்லுங்கக்கா, நாங்க இங்க வரலாமா?"

அக்கா என் கையைத் திருப்பி வைத்துத் தட்டிக் கொடுத்தார். "உன் வீட்டுக்காரர் உன்னைக் கேட்டாரா?"

"கூட்டிட்டு வந்து காட்டுதாருல்ல."

"காட்டுறது வேற செல்வி."

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். காலை இழுக்கிற சத்தம் மெதுவாக வராந்தாவைக் கடந்து வந்தது. அந்தச் சத்தம் முடிகிறவரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சார் உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் நனைந்து, ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. ஷூவில் யாரோ மிதித்த மண் தடம். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். முகம் முழுக்கச் சிரித்தார். வாய் கோணியது, அதை அவர் மறைக்கவில்லை.

"வாம்மா" என்றார். சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டு, அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"ஸ்டேஷன்ல... இன்னைக்கு நல்ல கூட்டம்."